எந்தக் கெமிஸ்ட்ரி?

தட்டிலிருந்த பீட்சா ஆறிப்போய் ரப்பர்த் துண்டு மாதிரி விறைத்திருந்தது. அதைக் கடிக்கவும் மனமில்லாமல், கீழே வைக்கவும் தோன்றாமல் விரல்நுனியில் பிடித்துக்கொண்டே, எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையை அழைக்கும் சொல்லால் ஷெரினிடம் கேட்டேன்.

“கெமிஸ்ட்ரி எடுத்தியா மக்களே?”

“எடுத்தேன் மா.”

“எந்த கெமிஸ்ட்ரி?”

என் மகள் குளிர்பானக் கோப்பைக்குள் ஸ்ட்ராவை விட்டு ஐஸ் கட்டிகளைக் குத்திக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடம் அது. வெளியே டெக்சாஸ் வெயில் காரின் கைப்பிடியைத் தொடவிடாமல் கொளுத்தியது. உள்ளே ஏசி குளிரில் நான் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே நிறப் பட்டையில் பெயரட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேசை மேசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் என் கணவர் செல்வின் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தார்.

“அம்மா, ப்ளீஸ், டென்ஷன் ஆகாதீங்க,” என்றாள் ஷெரின்.

இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் இப்படித் தொடங்கினால் உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

“நர்சிங்குக்கு உள்ள கெமிஸ்ட்ரி. ஐ’ம் டூயிங் நர்சிங், மா.”

செல்வின் மெல்லுவதை நிறுத்தினார்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நர்சாக என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. எந்த நேரத்தில் எந்த இயந்திரம் அலறினாலும் என் உடம்பு துள்ளாது. கால்கள் மட்டும் தானாக நடக்கும். அன்று மதியம் எனக்குக் காது அடைத்தது. மேசைக்கு மேசை பேச்சு நடப்பது தெரிந்தது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. பீட்சா எப்போது மடியில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

காது திறந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இது.

“ஏன், ஒனக்கு மார்க் இல்லியா?”

அப்படி ஒரு படிப்பே இல்லையாம்

அன்று காலையிலேயே ஓர் அதிர்ச்சியை வாங்கியிருந்தோம். மதியம் வந்தது இரண்டாவது.

நாங்கள் குடியிருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து விடிந்ததும் கிளம்பி, ஐ-35 நெடுஞ்சாலையில் தெற்கே ஓட்டி வந்து சேர்ந்திருந்தோம். வாசலிலேயே பிள்ளைகளை ஒரு பக்கமும் பெற்றவர்களை ஒரு பக்கமும் பிரித்துவிட்டார்கள். எங்களுக்கு ஒரு பெரிய அரங்கு. மேடையில் கல்லூரி நிறத்தில் டீ-ஷர்ட் போட்ட ஒரு சின்னப் பெண். மாணவர்கள் எந்தப் பாடம் எடுப்பது என்று வழிகாட்டும் ஆலோசகராம்.

டாக்டர் படிப்புக்கு முதல் படியான ப்ரீ-மெட்டுக்குத் தனியாக ஒரு மேசை போட்டிருப்பார்கள், அங்கே போய்ப் பெயர் கொடுத்தால் போதும் என்றுதான் நானும் செல்வினும் நினைத்திருந்தோம். ஷெரின் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியைப் போல நிரந்தரமாக இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று மட்டும் நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை.

அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்: “ப்ரீ-மெட் என்று ஒரு பட்டப்படிப்பே கிடையாது.”

அரங்கில் ஒரு முனகல் எழுந்தது. இங்கே மருத்துவக் கல்லூரிக்கு முன்னால் ஒரு பட்டம் வேண்டும்; அதற்கு அந்தப் பிள்ளை இசை படிக்கலாம், வரலாறு படிக்கலாம், என்ன வேண்டுமானாலும் படிக்கலாமாம். கூடவே சில பாடங்களை முடித்திருக்க வேண்டும்: உயிரியல், இயற்பியல், கெமிஸ்ட்ரியில் ஒரு நீண்ட வரிசை. அந்தப் பாடங்களுக்குத்தான் ப்ரீ-மெட் என்று பெயர்.

எங்களுக்கு முன்வரிசையில் லேப்டாப் பையை மடியில் வைத்திருந்த நம்மூர் அப்பா ஒருவர் எழுந்தார். “அதையெல்லாம் எப்போது எடுக்க வேண்டும்?”

“அது உங்கள் மகனைப் பொறுத்தது,” என்றாள் அவள். சிலர் முதல் செமஸ்டரிலேயே தொடங்குகிறார்கள். சிலர் இரண்டாம் வருடம். சிலர் பட்டம் வாங்கி, சில வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு திரும்பி வந்து எடுக்கிறார்கள்.

கேட்டவர் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

எங்கள் நாகர்கோவிலில் அது ஒரே ஒரு கதவு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஒருமுறை திறக்கும். நுழைந்தால் உண்டு, இல்லையென்றால் அடைத்துவிடும். நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவள். இங்கே கதவு மூடவே மூடாது என்கிறார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூடாத கதவுக்குள் இப்போதே நுழைய வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்?

கடைசியில் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். முதல் வருடத்தில் கெமிஸ்ட்ரி இரண்டு விதம். ஒன்று பெரியது, மருத்துவம், எஞ்சினியரிங் பக்கம் போகிறவர்களுக்கு. இன்னொன்று கொஞ்சம் சின்னது. நர்சிங், உணவியல் மாதிரியான படிப்புகளுக்கு. பிள்ளைகள் இப்போது பக்கத்துக் கட்டடத்தில் அதைத்தான் தேர்வு செய்துகொண்டிருக்கிறார்கள்.

செல்வின் என் பக்கம் சாய்ந்து, தானே போய்ப் படிக்கப்போகிறவர் மாதிரி கேட்டார்: “நமக்குப் பெரிய கெமிஸ்ட்ரிதானே, லில்லி?”

“பெறவு வேற என்னவாம்?” என்றேன் நான்.

பெரியம்மா எடுக்காத முறுக்கு

நர்சிங் என்ற சொல்லுக்கு ஒரு நர்ஸ் எதற்காக அப்படி அதிர்ந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்யாணமான புதிது. அப்போது நான் எங்கள் ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். செல்வின் வீட்டுச் சொந்தக்காரர்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். புது மருமகள் என்பதால் முறுக்குத் தட்டை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எல்லோரும் எடுத்தார்கள். செல்வினின் பெரியம்மா முன்னால் போய் நின்றேன். அவர் தட்டைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“இப்ப வேண்டாம் பிள்ளை. பெறவு நானே எடுத்துக்கிடுதேன். ஒனக்க கை என்னெல்லாம் தொட்டிருக்கும், இல்லியா?”

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. யாரோ சிரித்தார்கள். நான் அந்தக் கையாலேயே தட்டை அடுத்தவரிடம் நீட்டினேன்.

அதன் பிறகு குவைத், அங்கிருந்து தேர்வெழுதி அமெரிக்கா. குவைத்துக் கதைகளை இங்கே விட்டுவிடுகிறேன். டெக்சாஸ் வந்ததும் நிலைமை மாறியது. நல்ல சம்பளம், நல்ல மரியாதை. கடையில் யூனிஃபார்மோடு நின்றால் முன்பின் தெரியாதவர்கள்கூட நன்றி சொல்கிறார்கள். ஆனாலும் இரவு பகலாக ஒரு நோயாளியின் அருகே நின்று நாடி பிடித்து, மருந்தேற்றி, புரட்டிப் படுக்கவைத்த பிறகு, குடும்பத்தார் என்னைத் தாண்டிக் கதவைப் பார்ப்பார்கள். “டாக்டர் எப்போது வருவார்?”

ஷெரின் பிறந்த அன்று அவளுடைய சின்னக் கையை விரித்துப் பார்த்து நான் ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது விளையாட்டு டாக்டர் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பிளாஸ்டிக் ஸ்டெதஸ்கோப்பை ஒருநாளும் அவள் தொடவில்லை. எல்லாப் பொம்மைகளுக்கும் கட்டுப் போட்டு, ஸ்பூனால் ஊட்டி, சமையலறைத் துண்டால் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் அதைப் போட்டோ எடுத்து ‘எங்கள் வீட்டு டாக்டர்’ என்று ஊருக்கு அனுப்பினேன்.

எக்ஸிட்டைத் தவறவிட்டவர்

உணவுக்கூடத்திலிருந்து எப்படி எழுந்தோம், காரை எங்கே கண்டுபிடித்தோம் என்பது நினைவில்லை. ஐ-35இல் வடக்கே திரும்பிய பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. ஷெரின் பின்சீட்டில் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நர்சுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் மா.”

“என்ன தெரியும்? கால் வலிக்கு, முதுகு வலிக்குன்னு நான் வீட்ல வந்து சொன்னதாக்கும் ஒனக்குத் தெரியும். சொல்லாதது எவ்வளவோ கெடக்கு.”

“ஐ நோ.”

“நீ பிரில்லியன்ட் பிள்ளையாக்கும், மக்களே.”

“ஸோ? பிரில்லியன்ட்டா இருந்தா நர்ஸ் ஆகக் கூடாதா?” நான் திரும்பிப் பார்த்தேன்; அவள் முகம் சிவந்திருந்தது. “அப்போ நீங்க என்ன மா? ஸ்டுபிடா?”

நான் முன்னால் திரும்பிக்கொண்டேன். பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. அது கண்ணுக்கு மறையும் வரை அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வின் தொண்டையைச் செருமினார். ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இயந்திரங்களைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. எதையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்பார்.

“மக்களே, காலையில எங்க கூட்டத்துல ஒரு பொண்ணு சொல்லிச்சு, பெறவும் எடுக்கலாம்னு. இப்ப நர்சிங் இருக்கட்டும். கூடவே பெரிய கெமிஸ்ட்ரியையும் சேத்து எடுத்து வச்சிட்டா என்ன? ஒரு சேஃப்டிக்கு?”

“ரெண்டும் ஒரே செமஸ்டர்ல எடுக்க முடியாது பா. அண்ட் ஐ டோன்ட் வான்ட் டு.”

“செரி. இப்ப வேண்டாம்னுதானா, இல்ல எப்பவுமே வேண்டாமா?”

“தெரியல பா. இப்போ வேண்டாம்.”

அந்த ‘இப்போ’வைப் பிடித்துக்கொண்டு செல்வின் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ஏதோ பாதி ஜெயித்துவிட்ட மாதிரி. அப்படிப் பார்த்ததில், நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் எக்ஸிட்டைத் தவறவிட்டார். தினமும் ஓட்டும் சாலையில் அவர் அப்படித் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் அவரும் நிதானத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

ரோஸ்லினக்காவின் கேள்வி

அதற்குப் பிறகு சில வாரங்கள் நானும் மகளும் ‘சாப்பிட்டியா’, ‘கதவைப் பூட்டு’ என்ற அளவில்தான் பேசினோம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குத் தமிழ் ஆராதனை உண்டு. வெள்ளைக்காரச் சபை ஒன்றின் கட்டடத்தில் பிற்பகலில் கூடுவோம். முடிந்ததும் பின்கூடத்தில் சாப்பாடு. அன்று மட்டன் பிரியாணி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நானும் ஒரு தட்டோடு நின்றேன். ரோஸ்லினக்கா பேப்பர் தட்டோடு என் அருகே வந்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர். மற்றவர்கள் எல்லாம் அவரை ஆன்ட்டி என்பார்கள், ஊர்ப் பழக்கத்தில் எனக்கு அக்கா. நல்ல மனுஷி. எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு வாரம் குழம்பு கொண்டுவந்து தந்தவர்.

“ஷெரின் காலேஜுக்குப் போறாளாமே. ப்ரீ-மெட்தானே?”

“ஆமாக்கா,” என்றேன்.

எத்தனை எளிதாக வந்தது! பாட்டும் ஜெபமும் முடிந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. சொல்லி முடித்துத் திரும்பினால் எனக்குப் பின்னால் தயிர்ப்பச்சடிக் கிண்ணத்தோடு ஷெரின் நிற்கிறாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ரோஸ்லினக்காவைப் பார்த்து, தெளிவாக, தமிழிலேயே சொன்னாள்.

“இல்ல ஆன்ட்டி. நான் நர்சிங் படிக்கப் போறேன்.”

ரோஸ்லினக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. முகத்தில் உண்மையான வருத்தம்.

“அச்சோ, என்ன பிள்ளை! மார்க் வரலியா?”

அதே கேள்வி. உணவுக்கூடத்தில் என் வாயிலிருந்து விழுந்த அதே கேள்வி. ஒரு நர்சின் முகத்துக்கு நேரே நின்று, அவள் பரிமாறிய பிரியாணியைக் கையில் வைத்துக்கொண்டு, ரோஸ்லினக்கா அதைக் கேட்டார். கேட்பதில் தவறு இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றியிருக்கவில்லை.

எனக்குள் எங்கிருந்தோ ஒரு கோபம் கிளம்பியது. ஷெரினுக்காக வந்ததா, எனக்காக வந்ததா, சொல்லத் தெரியவில்லை.

“மார்க்கெல்லாம் நிறைய வந்துச்சுக்கா,” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது; பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அவளுக்கு அதாக்கும் வேணுமாம். நர்சுக்குப் படிக்கணும்னா மார்க் கொறஞ்சிருக்கணுமா?”

“நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே லில்லி...” ரோஸ்லினக்கா தடுமாறினார்.

“தப்பாச் சொல்லலக்கா. எனக்குத் தெரியும்.”

தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தேன். கார் நிறுத்துமிடத்தில் தார் இளகிய வாசனை. ஓர் ஓக் மரத்தடியில், நிழல் இருந்த அளவுக்கு ஒதுங்கி நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

சற்று நேரத்தில் ஷெரின் வந்தாள். கையில் இன்னும் அந்தக் கிண்ணம். செல்வின் உள்ளே மேசைகளை மடக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். பிறகு என் அருகே நின்றாள்.

“நான் ஏன் நர்சிங் எடுத்தேன்னு நீங்க கேக்கவே இல்ல மா.”

“கார்ல கேட்டேனே.”

“இல்ல. மார்க் இல்லியான்னு கேட்டீங்க. தெரியுமான்னு கேட்டீங்க. ஏன்னு கேக்கல.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

“செரி. இப்ப கேக்கேன். ஏன் மக்களே?”

அவள் பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகச் சொன்னதை முடிந்தவரை தமிழிலேயே எழுதுகிறேன்.

பள்ளியில் படிக்கும்போது ஒரு கோடை விடுமுறையில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அவள் வாலன்டியராக இருந்தாள். கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலி தள்ளும் வேலை. ஒருநாள் நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் காரிலேயே மறந்துவிட்டு மேலே போய்விட்டேன். அவள் அதை எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வந்திருக்கிறாள். ஒரு கண்ணாடி அறையில் திரை முழுதாக இழுக்கப்படாமல் இடைவெளி இருந்திருக்கிறது. உள்ளே நான்.

“நீங்க ஒரு தாத்தாவைக் குளிப்பாட்டிட்டு இருந்தீங்க. ஹி வாஸ் டெட், ரைட்?”

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் யார் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். மகன் வேறு ஊரிலிருந்து காரோட்டி வந்துகொண்டிருந்தார். அவர் வரும்போது அப்பாவின் வாயில் குழாயும் கழுத்தில் ஊசியும் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, தலை வாரிவிட்டேன். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். பள்ளிப் பிள்ளை பார்க்க வேண்டிய காட்சி இல்லை.

“அவர்ட்ட நீங்க பேசிட்டே இருந்தீங்க மா. தமிழ்ல.”

“நானா?”

“ஆமா. ‘இப்ப மூஞ்சி தொடைக்கேன்யா, ஒங்க மகன் வந்துட்டு இருக்கான்’னு சொன்னீங்க. திருப்பிப் படுக்க வைக்கும்போது சாரி சொன்னீங்க. அவருக்குக் கேக்காது. கேட்டாலும் தமிழ் தெரியாது.” அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. “கொஞ்சம் முன்னாடி டாக்டர் வந்துட்டுப் போனாராம், அங்க இருந்தவங்க சொன்னாங்க. இறந்த டைம் சொல்லிட்டு அடுத்த பேஷன்ட்டைப் பாக்கப் போயிட்டாரு. அது தப்பில்ல. அவருக்கு வேற ஆளுங்க வெய்ட் பண்ணிட்டு இருந்தாங்க. ஆனா எனக்கு அவர் போனதுக்கு அப்புறம் நடந்ததுதான் வேணும்னு தோணிச்சு.”

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நான் இறந்தவர்களோடு தமிழில் பேசுகிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைவிட, என் பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் இறந்த மனிதரைப் பார்த்துவிட்டு, டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் கீழே போய், சாயங்காலம் வரை சக்கர நாற்காலி தள்ளியிருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்டிருக்கிறாள். நான் தோசை என்று சொல்லியிருப்பேன். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வருகிற நோயாளியின் முகத்தைப் பார்த்தே வலி எங்கே என்று கண்டுபிடிப்பவள் என்று எனக்கு நர்சுகள் மத்தியில் பெயர் உண்டு.

அந்த நேரத்தில் ஒரு தாய் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது இவ்வளவுதான்.

“டப்பாவ அங்க கொண்டு வச்சது நீயா?”

“நான்தான் மா.”

“நல்ல பசியில இருந்தேன் அன்னைக்கு,” என்றேன். செல்வின் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, எதற்காக இந்த வெயிலில் நிற்கிறீர்கள் என்று சத்தம் போட்டார்.

மீன் கழுவிய பகல்

ஷெரின் சின்னக் கெமிஸ்ட்ரியே படித்தாள். உடற்கூறும் நுண்ணுயிரியலும் படித்தாள். நர்சிங் பிரிவில் இடம் கிடைத்தது. நான் சமாதானமாகிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். யாராவது பிள்ளை மெடிக்கல் ஸ்கூலுக்குப் போனதாகக் கேள்விப்பட்டால் அந்தப் பழைய ஆசை வந்து பிடித்துக்கொள்ளும். பிறகு விட்டுவிடும். பழகிய முதுகுவலி மாதிரி அதோடு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடம் அவளை ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அப்போதிருந்து எங்கள் பேச்சு மாறியது. நோயாளியைத் தனியாளாகப் புரட்டுவது எப்படி, நரம்பு கிடைக்காதவருக்கு ஊசி போடுவது எப்படி, திட்டுகிற குடும்பத்தாரிடம் என்ன சொல்வது என்று எங்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனில் கேட்பாள். செல்வின், “ரெண்டு பேரும் சாப்பிடும்போதாவது வேற ஏதாவது பேசுங்கோ” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பேச்சுக்காக நான் நாள் முழுதும் காத்திருந்தேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள். எனக்கு விடுமுறை. சமையலறைத் தொட்டியில் நெத்திலி கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

“அம்மா, இந்த சம்மர் நான் வீட்டுக்கு வரேன்.”

“வா மக்களே. எத்தன நாளு?”

“சம்மர் ஃபுல்லா. பக்கத்துல கம்யூனிட்டி காலேஜ்ல கிளாஸ் எடுக்கப் போறேன். ஜெனரல் கெமிஸ்ட்ரி. ப்ரீ-மெட்டுக்கு உள்ளது.”

குழாயை மூடினேன்.

“அம்மா? இருக்கீங்களா?”

“இருக்கேன். எதுக்கு?”

பயிற்சியில் ஒரு பெண் நோயாளியாம். திடீரென்று மருந்தை மாற்றியிருக்கிறார்கள். ஏன் இந்த மருந்து, ஏன் பழையது இல்லை என்று ஷெரின் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். அவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கியிருக்கிறார்.

“பாதிதான் புரிஞ்சுது மா. மீதிப் பாதியும் எனக்கு வேணும். அதான் எடுத்துப் பாக்கலாம்னு. அப்புறம் அப்ளை பண்ணுவேனான்னு தெரியாது. நர்சா கொஞ்ச வருஷம் வேலை பண்ணிட்டு டிசைட் பண்ணலாம். இல்லன்னா பண்ணாமலும் இருக்கலாம்.”

அவள் பிறந்த நாளிலிருந்து நான் எதற்காக ஜெபித்தேனோ அது ஒரு சாதாரணப் பகலில், மீன் நாற்றத்துக்கு நடுவே, ஸ்பீக்கரில் வந்து நிற்கிறது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டும்.

“அப்போ நர்சிங்?” என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. யாரோ என் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கப் பார்ப்பது போல அது பதறியது.

“நர்சிங் இருக்கு மா. எங்கயும் போகல,” என்று சிரித்தாள். பஸ் வந்துவிட்டது, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

செல்வின் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். காபிக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

“என்னாச்சு? ஊர்ல யாருக்காவது...?”

“ஷெரின் பெரிய கெமிஸ்ட்ரி எடுக்கப் போறாளாம்.”

“அட! நல்ல காரியம்தானே! அதுக்கு எதுக்கு நீ அழுதுட்டு நிக்க?”

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது.

“தெரியலங்க. நல்ல நர்சு ஒண்ணு போயிருமோன்னு இருக்கு.”

செல்வின் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொட்டியிலிருந்த நெத்திலிச் சட்டியை எடுத்து மீதியைத் தானே கழுவ ஆரம்பித்தார்.

நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு அவளைத் திரும்ப அழைத்தேன். பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே “என்ன மா?” என்றாள்.

“எடு மக்களே. நல்லாப் படி. ஆனா டாக்டருக்குப் போறதப் பத்தி இப்பவே ஒண்ணும் முடிவு பண்ணாத. அவசரம் ஒண்ணும் இல்ல, கேட்டியா? மெதுவாப் பாத்துக்கிடலாம்.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை.

“ஹலோ?” என்றாள் ஷெரின், சந்தேகத்தோடு. “யாரு பேசுறது?”